2^136279841 − 1: இன்று அறிந்ததில் மிகப்பெரிய பகா எண் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன எண்?

13,62,79,841 இரண்டுகளை வரிசையாக வைத்து ஒன்றோடொன்று பெருக்குங்கள். வருவதில் ஒன்றைக் கழியுங்கள். அதுதான் இந்த எண். பத்தடிமானத்தில் எழுதினால் 4,10,24,320 இலக்கங்கள் வரும். 881694 என்று தொடங்கி 551 என்று முடியும். 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது.

2024 அக்டோபர் 21 அன்று கிம்ப்ஸ் திட்டம் இதை அறிவித்தது. ஜார்ஜ் வோல்ட்மேன் 1996-இல் தொடங்கிய திட்டம் அது. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளைத் தந்து மெர்சென் பகா எண்களை, அதாவது 2-இன் ஓர் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் பகா எண்களைத் தேடுகிறார்கள். இந்த எண்ணைக் கண்டுபிடித்தவர் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயைச் சேர்ந்த லூக் டுரான்ட். இதற்கு முந்தைய சாதனை 2018 டிசம்பரில் கிடைத்த 2^82589933 − 1. அதைவிட இதில் 1,61,62,272 இலக்கங்கள் கூடுதல்.

கீழே அடுக்கை ‘ப’ என்றும், முழு எண்ணை ‘ம’ என்றும் சுருக்கி எழுதுகிறோம். அதாவது ம = 2^ப − 1.

4 கோடி இலக்கம் என்றால் எவ்வளவு?

பக்கத்துக்கு 50 வரி, வரிக்கு 60 இலக்கம் என்று அச்சிட்டால் 13,675 பக்கங்கள். நொடிக்கு ஓர் இலக்கம் என்று இரவுபகலாக வாசித்தால் ஏறக்குறைய 475 நாள். கணினியில் எழுத்துக் கோப்பாக 41 மெகாபைட், இரும வடிவில் 17 மெகாபைட். கைப்பேசியில் எடுத்த சில படங்களின் அளவுதான்.

எழுதிப் பார்க்காமலே இலக்க எண்ணிக்கையை எப்படிச் சொல்கிறார்கள்?

மடக்கையால். 2-இன் பத்தடிமான மடக்கை 0.30102999566398. அதை ப-ஆல் பெருக்கினால் 41024319.9453 வருகிறது. முழு எண் பகுதியோடு 1-ஐக் கூட்டினால் இலக்க எண்ணிக்கை. தசமப் பகுதி தொடக்க இலக்கங்களைத் தரும்: 10^0.9453 என்பது 8.8169-க்கு அருகில்.

பலர் தவறுவது இங்கேதான். பள்ளிப் பழக்கத்தில் மடக்கையை 0.30103 என்று எடுத்தால் பெருக்கற்பலன் 41024320.536 ஆகிவிடும். ஓர் இலக்கம் கூடுதலாக வரும், தொடக்கமும் 8-க்குப் பதில் 3 என்று வரும். பத்துத் தசம இடம் (0.3010299957) எடுத்தால் எண்ணிக்கை சரியாகிவிடும், ஆனால் தொடக்கம் 8.9 என்று காட்டும். சிறு பிழையைப் பதின்மூன்று கோடியால் பெருக்குகிறோம் என்பதை மறக்கக் கூடாது. தொடக்கத்தின் ஆறு இலக்கங்கள் வேண்டும் என்றால் மடக்கையில் குறைந்தது 15 தசம இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி இலக்கங்களைக் கையால் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், காகிதமும் பேனாவும் போதும். 2-இன் அடுக்குகளின் கடைசி இரண்டு இலக்கங்கள் 2^2 முதல் 20-க்கு ஒருமுறை திரும்ப வரும். ப-ஐ 20-ஆல் வகுத்தால் மீதி 1. உடனே 2^1 = 2, ஆகவே 01 என்று முடியும் என எழுதிவிடாதீர்கள். 2^1 அந்தச் சுழற்சிக்குள் இல்லை, ஏனென்றால் அது 4-ஆல் வகுபடாது. ஒரு சுற்று தள்ளி 2^21-ஐ எடுக்க வேண்டும்: 20,97,152. கடைசி இரண்டு 52; ஒன்றைக் கழித்தால் 51.

மூன்று இலக்கத்துக்குச் சுழற்சி 100, தொடக்கம் 2^3. ப-ஐ 100-ஆல் வகுத்த மீதி 41. 2^41 = 21,99,02,32,55,552. ஆகவே ம-இன் முடிவு 551. யாராவது “முழு எண் இதோ” என்று ஒரு கோப்பை நீட்டினால், இலக்க எண்ணிக்கை, தொடக்க ஆறு, கடைசி மூன்று ஆகியவற்றைப் பார்த்தாலே பாதியில் வெட்டுப்பட்ட கோப்பைக் கண்டுபிடித்துவிடலாம்.

இரும வடிவில் இதன் தோற்றம் என்ன?

வெறும் 1-கள், இடையில் ஒரு சுழியம்கூடக் கிடையாது. மொத்தம் 13,62,79,841 ஒன்றுகள். பதினாறடிமானத்தில் முதலில் ஒரு 1, அதன் பின் 3,40,69,960 எஃப்-கள். ப-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால்தான் அந்த முதல் 1 தனித்து நிற்கிறது. பத்தடிமானத்தில் ஒழுங்கே தெரியாத எண், இருமத்தில் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கக்கூடியது. இதன் கணிதப் பண்புகள் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒழுங்கிலிருந்து பிறப்பவை.

அடுக்கு பகா எண்ணாக இருந்தால் 2^ப − 1 பகா எண் ஆகிவிடுமா?

ஆகாது. அடுக்கு பகா எண்ணாக இருக்க வேண்டியது அவசியம்தான், ஆனால் அது மட்டும் போதாது.

ஏன் அவசியம் என்பதை இருமத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். அடுக்கு 6 என்றால் 111111. இது 111 × 1001. ஆறை மும்மூன்றாகப் பிரிக்க முடிவதால் எண்ணும் பிரிந்துவிடுகிறது. அடுக்கு பகா எண் என்றால் இந்த வழி அடைபடும். வேறு காரணிகள் வர வழி திறந்தேதான் இருக்கிறது. முதல் எடுத்துக்காட்டு 11: 2^11 − 1 = 2047 = 23 × 89.

மராங் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644-இல் தந்த பட்டியலிலேயே இந்தச் சிக்கல் தெரியும். 257 வரையிலான அடுக்குகளில் 67-ஐயும் 257-ஐயும் தவறாகச் சேர்த்தார். 61, 89, 107 மூன்றையும் விட்டுவிட்டார்.

பகா எண்தான் என்று எப்படி உறுதியாகச் சொல்ல முடியும்?

இதுதான் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி. எல்லாக் காரணிகளையும் முயன்று பார்ப்பது நடக்காத காரியம். ம-இன் வர்க்கமூலமே இரண்டு கோடி இலக்கங்களுக்கு மேல் உள்ள எண்.

வழி வேறு பக்கத்திலிருந்து வருகிறது. ஓர் எண்ணுக்கு அடுத்த எண்ணின் காரணிகள் முழுதாகத் தெரிந்தால், அந்த எண் பகா எண்ணா என்று நிரூபிக்கும் முறைகள் உண்டு. நம் எண்ணுக்கு அடுத்த எண் 2^ப. அதன் காரணிகள் வெறும் 2-கள். இதைவிட எளிதான நிலை கிடையாது. அதனால்தான் சாதனை எண்கள் பெரும்பாலும் மெர்சென் வடிவத்திலேயே கிடைக்கின்றன. இதே அளவுள்ள, சிறப்பு வடிவம் ஏதுமில்லாத ஓர் எண்ணை எடுத்து நிரூபிக்கச் சொன்னால் இன்றைய கணினிகளால் ஆகாது.

இந்த அடிப்படையில் எழுந்தது லூக்கா–லேமர் சோதனை. 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள், 2^ப − 1-ஆல் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளுங்கள். இதை ப − 2 தடவை செய்த பின் மீதி 0 என்றால் பகா எண். இல்லையென்றால் பகு எண். இரு பக்கமும் நிரூபிக்கப்பட்ட தேற்றம் இது. ‘அநேகமாக’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுக்கு 7, எண் 127 என்று வைத்துச் செய்து பாருங்கள்: 4, 14, 67, 42, 111, 0. ஐந்தாவது அடியில் சுழியம் வந்துவிட்டது, 127 பகா எண். 2047-க்குச் செய்தால் ஒன்பதாவது அடியில் 1736 நிற்கும், ஆகவே பகு எண். 23-ஐயும் 89-ஐயும் கண்டுபிடிக்காமலே அது பகு எண் என்று தெரிந்துவிடுவதைக் கவனியுங்கள். நம் எண்ணுக்கு 13,62,79,839 அடிகள்.

ஒவ்வோர் அடியிலும் நாலு கோடி இலக்க எண்ணால் வகுக்க வேண்டுமா?

வேண்டாம். மெர்சென் வடிவத்தின் இரண்டாவது கொடை இது. 2^ப-ஐ ம-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால், வர்க்கத்தின் மேல்பாதிப் பிட்டுகளை (இரும இலக்கங்களை) அப்படியே கீழ்ப்பாதியோடு கூட்டினால் போதும்.

மேலே 127 கணக்கில் 67-க்கு அடுத்து 42 வந்தது. 67 × 67 − 2 = 4487. இதை 128-ஆல் பிரித்தால் 35 × 128 + 7. 35-ஐயும் 7-ஐயும் கூட்டினால் 42. வகுத்தலே நடக்கவில்லை. 128-ஆல் பிரிப்பதும் கணினிக்குப் பிட்டுகளை ஏழு இடம் நகர்த்தும் வேலைதான்.

ஆகவே உழைப்பு முழுவதும் வர்க்கப்படுத்துவதில்தான். பள்ளிக்கூடப் பெருக்கல் இங்கே உதவாது. மிகப் பெரிய எண்களை விரைவாகப் பெருக்க உதவும் வேக ஃபூரியே உருமாற்றத்தைப் பயன்படுத்துகிறார்கள். எண்ணை 17, 18 பிட் துண்டுகளாக வெட்டி, மிதவைப் புள்ளி எண்களாக மாற்றி, உருமாற்றி, ஒவ்வொரு துண்டையும் தனியே வர்க்கப்படுத்தி, திருப்பி உருமாற்றி, முழு எண்ணுக்குத் தட்டி, மிகுதியை அடுத்த துண்டுக்குக் கடத்துவார்கள். 1994-இல் கிராண்டாலும் ஃபேகினும் தந்த எடையிட்ட உருமாற்றத்தில், மேலே சொன்ன மடித்துக் கூட்டலும் தானாகவே நடந்துவிடுகிறது.

சோதனைக்கு முன் என்னென்ன செய்கிறார்கள்?

பல நாள் ஓடும் சோதனையைத் தொடங்கும் முன், சிறிய காரணி ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

2^ப − 1-இன் எந்தக் காரணியும் 2 × க × ப + 1 என்ற வடிவில்தான் இருக்கும் (க ஒரு முழு எண்). கூடவே 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆக வேண்டும். 2047-இல் சரிபாருங்கள்: 23 = 2 × 1 × 11 + 1, 89 = 2 × 4 × 11 + 1. நம் அடுக்குக்கு க = 1 தருவது 27,25,59,683. 8-ஆல் வகுத்த மீதி 3, தள்ளுபடி. க = 2 தருவது 5-இல் முடிகிறது, அதுவும் தள்ளுபடி. க = 3 தரும் 81,76,79,047-க்கு மீதி 7; முயன்று பார்க்க வேண்டிய முதல் எண் அது. இப்படி வடிகட்டி, 70 பிட்டுக்கு மேலான காரணிகள் வரை கிராஃபிக்ஸ் சிப்புகளில் தேடுகிறார்கள்.

அடுத்தது பொல்லார்டின் ‘காரணி கழித்தல் ஒன்று’ முறை. காரணியிலிருந்து 1-ஐக் கழித்தால் வரும் எண் சிறுசிறு பகா எண்களாக உடைந்தால் இந்த முறை அந்தக் காரணியைப் பிடித்துவிடும். 2^67 − 1-இன் காரணி 19,37,07,721. ஒன்றைக் கழித்தால் 2^3 × 3^3 × 5 × 67 × 2677. முதல் கட்ட எல்லை (ஒன்றைத் தவிர மற்றவற்றுக்கு) 100, இரண்டாம் கட்ட எல்லை (எஞ்சிய ஒரு பெரிய பகா எண்ணுக்கு) 3,000 என்று வைத்தாலே போதும், நொடியில் சிக்கிவிடும். 1903-இல் கோல் என்ற கணிதர் இதே காரணியைக் கையால் கணக்கிட்டுத்தான் அறிவித்தார். இரண்டாம் கட்டம் நினைவகத்தை நிறைய விழுங்கும். குறைவாக ஒதுக்கினால் காரணி கிடைக்கும் வாய்ப்பும் குறையும்.

கிம்ப்ஸ் இப்போது முதல் சோதனைக்கு லூக்கா–லேமரைப் பயன்படுத்துவதில்லையே, ஏன்?

பிழைதான் காரணம். பதின்மூன்று கோடி வர்க்கங்களில் எங்கோ ஒரு பிட் புரண்டால் அதற்குப் பின் வருவது எல்லாம் குப்பை. நினைவகச் சில்லு தளர்ந்தாலும், செயலியை அளவுக்கு மீறி வேகப்படுத்தினாலும், சூடு ஏறினாலும், உருமாற்றத்தின் துண்டு அளவு இறுக்கமாகி தசமப் பிழை 0.5-ஐ நெருங்கித் தவறான பக்கம் தட்டுப்பட்டாலும் இது நடக்கும். அப்போது உண்மையான பகா எண்ணுக்கும் சுழியம் வராது. அது ‘பகு எண்’ என்று பதிவாகிவிடும். இல்லாததை இருக்கிறது என்பதைவிட, கையில் வந்ததை நழுவவிடுவதுதான் இந்தத் தேடலில் பெரிய அபாயம். லூக்கா–லேமரில் இதைக் கண்டறிய வலுவான உள்சோதனை கிடையாது. முழுக் கணக்கையும் இன்னொரு கணினியில் திரும்பச் செய்தாக வேண்டும்.

ஆகவே முதல் சோதனைக்கு ஃபெர்மா முறை வந்தது. 3-இல் தொடங்கி ப தடவை வர்க்கப்படுத்தினால், ம பகா எண்ணாக இருக்கும் பட்சத்தில் மீதி 9 வர வேண்டும். 127-க்கு: 3, 9, 81, 84, 71, 88, 124, 9. ஏன் 2-இல் தொடங்குவதில்லை? அடுக்கு பகா எண்ணாக இருந்தால், 2047 போன்ற பகு எண்ணும் 2-ஐ அடிப்படையாகக் கொண்ட சோதனையில் தேறிவிடும். அதில் ஒன்றும் தெரியாது.

இந்தச் சோதனையில் வெறும் வர்க்கம் மட்டுமே இருப்பதால், ராபர்ட் கெர்பிச் 2017-இல் சொன்ன பிழைச்சோதனையை இதில் பொருத்த முடிகிறது. இடையிடையே ஒரு சரிபார்ப்பு. தவறு என்றால் கடைசியாகச் சரியாக இருந்த இடத்துக்குத் திரும்பி அங்கிருந்து ஓடும். கூடவே ஒரு சான்றுக் கோப்பும் உருவாகும். வழக்கமான அமைப்பில் ஓட்டத்தின்போது 256 இடைநிலை மீதிகளை வட்டில் சேமிக்க வேண்டும். ஒவ்வொன்றும் 17 மெகாபைட், ஆக ஏறத்தாழ 4.4 கிகாபைட் காலியிடம் தேவை. வட்டு நிறைந்தால் சான்று கிடைக்காது. சான்று இருந்தால் சரிபார்ப்பவர் மொத்த வேலையில் 256-இல் ஒரு பங்கைச் செய்தால் போதும்.

ஆனால் ஃபெர்மா சோதனை ‘அநேகமாகப் பகா எண்’ என்றுதான் சொல்லும். அதனால் அதில் தேறியதற்கு மட்டும் லூக்கா–லேமரை ஓட்டுகிறார்கள். நம் எண்ணுக்கு 2024 அக்டோபர் 11 அன்று டப்ளினில் இருந்த என்விடியா ஏ100 சிப் முதல் செய்தியைத் தந்தது. மறுநாள் டெக்சஸின் சான் அன்டோனியோவில் இருந்த எச்100 சிப் லூக்கா–லேமரால் உறுதிப்படுத்தியது. அதன் பின்னும் வெவ்வேறு மென்பொருள், வெவ்வேறு வன்பொருள்களில் ஓட்டிப் பார்த்த பிறகே அறிவித்தார்கள். கிராஃபிக்ஸ் சிப் கண்டுபிடித்த முதல் மெர்சென் பகா எண் இதுதான்.

இந்த எண்ணுக்கு வேறு என்ன பண்புகள் உண்டு?

மீதிகளைப் பார்ப்போம். 3-ஆல் வகுத்தால் 1, 7-ஆல் 3, 9-ஆல் 4, 11-ஆல் 1. எல்லாம் ப-இன் சுழற்சியை வைத்துக் கையால் சரிபார்க்கக் கூடியவை. 3-ஆல் மீதி 1 என்பதால் ம + 2 என்பது 3-ஆல் வகுபடும். ஆகவே அந்தப் பக்கம் இரட்டைப் பகா எண் இல்லை.

4-ஆல் வகுத்தால் மீதி 3. எனவே இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியாது, −1-இன் வர்க்கமூலத்தையும் சேர்த்து அமைத்த காஸிய முழு எண்களிலும் இது பகா எண்ணாகவே நிற்கும். 8-ஆல் வகுத்தால் மீதி 7 என்பதால் மூன்று வர்க்கங்களின் கூட்டலாகவும் எழுத முடியாது. நான்கு வர்க்கங்கள் தேவை. அதே நேரம், ஒரு வர்க்கம் + மூன்று மடங்கு இன்னொரு வர்க்கம் என்ற வடிவில் ஒரே ஒரு வழியில் எழுத முடியும் என்று தேற்றம் உறுதி சொல்கிறது.

நிறைவெண் தொடர்பு இன்னும் பழையது. 2^(ப − 1) × ம என்பது தன்னைத் தவிர்த்த தன் காரணிகள் அனைத்தின் கூட்டலுக்குச் சமம்; 6 = 1 + 2 + 3 போல. யூக்ளிட் காட்டிய விதி அது. இந்த எண் தரும் நிறைவெண்ணுக்கு 8,20,48,640 இலக்கங்கள்.

இது 52ஆவது மெர்சென் பகா எண்ணா?

அறியப்பட்டவற்றில் 52ஆவது. அளவு வரிசையிலும் 52ஆவதுதான் என்று இன்னும் உறுதி செய்யவில்லை. இதைவிடச் சிறிய எல்லா அடுக்குகளும் இருமுறை சரிபார்க்கப்பட்டால்தான் அப்படிச் சொல்லலாம். 2008 ஆகஸ்டில் 2^43112609 − 1 கிடைத்த பிறகு அடுத்த மாதமே அதைவிடச் சிறிய 2^37156667 − 1 கிடைத்தது. 2009-இல் இரண்டுக்கும் நடுவே 2^42643801 − 1 வந்தது.

இதற்கும் முந்தைய சாதனைக்கும் நடுவில் வேறு பகா எண்களே இல்லையா?

எண்ணிமாளாத அளவுக்கு இருக்கின்றன. ம-இன் அருகில் சராசரியாக 9.45 கோடி எண்களுக்கு ஒரு பகா எண் உண்டு. ‘அறிந்ததில் பெரியது’ என்பது நாம் நிரூபித்ததில் பெரியது என்று மட்டுமே பொருள். பகா எண்களுக்கு முடிவே இல்லை என்பது யூக்ளிட் காலத்திலேயே தெரியும். மெர்சென் பகா எண்கள் முடிவில்லாதவையா என்பதற்கு இன்றுவரை நிரூபணம் இல்லை.

வங்கிப் பாதுகாப்பு, மறையாக்கத்துக்கு இது உதவுமா?

இந்த எண் உதவாது. ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறைக்கு வேண்டியவை 300 இலக்கம் அளவிலான, யாருக்கும் தெரியாத பகா எண்கள். இதுவோ உலகறிந்தது. சிறிய மெர்சென் பகா எண்கள் வேலைக்கு வருகின்றன: 2^521 − 1 ஒரு நீள்வட்ட வளைவரை மறையாக்கத் தரத்தில் இருக்கிறது, 2^19937 − 1 மெர்சென் ட்விஸ்டர் என்ற சமவாய்ப்பு எண் ஆக்கியின் சுழற்சி நீளம். மடித்துக் கூட்டும் வசதிதான் மறையாக்கத்திலும் பயன்படுகிறது.

தேடலின் துணைப்பயன் வேறு. 2016-இல் இன்டெல் ஸ்கைலேக் செயலிகள் உறைந்துபோகும் பிழையை வெளிக்கொண்டுவந்தது கிம்ப்ஸின் பிரைம்95 மென்பொருள்தான்.

பரிசு உண்டா?

கிம்ப்ஸ் 3,000 டாலர் தந்தது. அதை அலபாமா கணித, அறிவியல் பள்ளிக்குக் கொடுப்பதாக டுரான்ட் சொன்னார். எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷனின் 1,50,000 டாலர் பரிசு 10 கோடி இலக்கப் பகா எண்ணுக்கு. அதற்கு மெர்சென் அடுக்கு 33.2 கோடியைத் தாண்ட வேண்டும். ஒரு சோதனைக்கு நம் எண்ணைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு நேரம் பிடிக்கும்.

முழு எண்ணை என் கணினியிலேயே உருவாக்கலாமா?

தாராளமாக. பைத்தான் நிரல்மொழியில் 2-ஐ ப அடுக்குக்கு உயர்த்தி ஒன்றைக் கழிப்பது நொடியில் முடியும். பத்தடிமானத்துக்கு மாற்றும்போதுதான் தடை: 3.11 பதிப்பு முதல் 4,300 இலக்கத்துக்கு மேல் எழுத்தாக மாற்ற விடாது. அந்த வரம்பை நீக்கினாலும் பழைய பதிப்புகளில் உள்ளமைந்த மாற்றுமுறை மிக மெதுவானது. பெரிய எண்களைக் கையாளும் ஜிஎம்பி நிரல் நூலகத்தைப் பயன்படுத்துங்கள். கோப்பில் எழுதும்போது 60 அல்லது 100 இலக்கத்துக்கு ஒரு வரி முறியுங்கள். 41 மெகாபைட் ஒரே வரியாக இருந்தால் பல எழுத்துத் திருத்திகள் திணறிவிடும்.

தேடலில் சேர என்ன வேண்டும்?

பிரைம்95-ஐ இறக்கி நிறுவுங்கள், காசு கிடையாது. முதலில், கணினியை முழு வேகத்தில் வேலை வாங்கிப் பார்க்கும் வதைச் சோதனையை ஒரு நாள் ஓட விடுங்கள். அதில் பிழை காட்டினால் நினைவகத்தின் வேகத்தைக் குறைத்து, விசிறியையும் தூசியையும் கவனித்த பிறகே வேலை வாங்குங்கள். எவ்வளவு நாள் ஆகும் என்பதற்குத் திரையில் தெரியும் ஒரு வர்க்க நேரத்தை அடுக்கால் பெருக்குங்கள். இந்த அளவு அடுக்குக்கு 5 மில்லிநொடி என்றால் ஏறத்தாழ 7.9 நாள். மடிக்கணினியில் அதைவிடப் பல மடங்கு ஆகலாம். அப்படியானால் சான்றுகளைச் சரிபார்க்கும் சிறு வேலைகளைக் கேட்டு வாங்கலாம். மின்சாரம் போனால் பயப்பட வேண்டாம், கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து தொடரும். சேமிப்பு இடைவெளியை மட்டும் உங்கள் ஊர் மின்வெட்டுக்கு ஏற்பக் குறைத்து வையுங்கள்.